ஐந்நூற்று எண்பத்திரண்டு வருடங்களை மறைத்தவர்

“உங்க அப்பாவுக்கு அறுநூத்தி நாப்பத்தாறு வயசுங்கறது உனக்கு எப்பலருந்து தெரியும்?” என்று அந்த அதிகாரி என்னைக் கேட்டார்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. பெயர் குல்ஷன், ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். முன்பின் தெரியாதவர்கள் கேள்வி கேட்டால் தரையைப் பார்த்துத்தான் எனக்குப் பதில் வரும். அங்கே சிவப்பு சிமெண்டுத் தரை. அதைப் பார்த்துக்கொண்டு, “இப்பத்தாங்க தெரியும்” என்றேன்.

அவர் “இப்பத்தான் தெரியும்” என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டார். நான் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் கோடு போட்டபின் பார்த்தால் அது தப்பாகத்தான் தெரிந்தது.

இது நடந்தது 1987ஆம் வருடம் ஆடி மாதம், தர்மபுரியில், முதியோர் உடல்நலத் துணைக் காப்பு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில். என் பக்கத்தில் அப்பா நூர் பாஷா உட்கார்ந்திருந்தார். அவருக்கு அறுபத்து நான்கு வயது. நாற்காலியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். கையைச் சும்மா விட்டால் அது நெஞ்சுக்குப் போய்விடும். நெஞ்சைத் தொடவே கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஏன் தொடக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா தொப்பூரில், கணவாய் ஏறும் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். நோன்புப் பெருநாள் முடிந்த வாரத்தில், நனைந்த தார்ப்பாய் ஒன்றைத் தூக்கும்போது நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவதுபோல் இருக்கிறது என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. தொப்பூர் டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தார்.

“இது இங்க பாக்கற விஷயம் இல்லீங்க பாய். பெங்களூர் போயி இருதயத்த டெஸ்ட் பண்ணிருங்க. நாளைக்கே போனாலும் நல்லதுதான்” என்றார்.

நாளைக்கே போயிருப்போம். அன்று சாயங்காலமே முனிராஜ் வந்துவிட்டார்.

முனிராஜ் இண்டூர்க்காரர், துணைக் காப்பு ஏஜெண்ட். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் டாக்டருக்கு அடுத்தபடியாகத் தெரிந்துகொள்பவர் அவர்தான். அப்பாவிடம் லாரி உரிமையாளர் சங்கம் கொடுத்த மருத்துவ அட்டை ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவில் முதல் ஆயிரம் ரூபாயை அது கொடுக்கும். அதற்கு மேல் ஆகிற செலவைத் துணைக் காப்பு கொடுக்கும் என்றார் முனிராஜ். அறுபது வயது முடிந்தவர்கள், அறுபத்தைந்தைத் தாண்டாதவர்கள் மட்டும் சேரலாம்.

“டெஸ்டு எடுத்துட்டீங்களா பாய்?” என்று கேட்டார்.

“நாளைக்குப் போலாம்னு இருக்கறேன்.”

முனிராஜ் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். “நல்லவேளைங்க. டெஸ்டு எடுத்தா பேப்பர் வரும். பேப்பர் வந்தா வியாதி வந்துருச்சுன்னு அர்த்தம். வியாதி இருக்கறவங்கள கம்பெனி சேக்காது. இப்ப உங்களுக்கு என்னா இருக்குது? ஒருநாளு நெஞ்சு வலிச்சுது. அவ்வளவுதான். தெரியாத வரைக்கும் அது வியாதியே இல்லீங்க.”

அம்மா ரஹமத் பீவி அடுப்படியிலிருந்தே கேட்டாள். “நோவு இருக்குதுன்னு நோவுக்குத் தெரியாதா?”

“நோவுக்குத் தெரியலாங்க அம்மா. கம்பெனிக்குத் தெரியக்கூடாது. மொதல்ல பாலிசி, அப்பறம் டெஸ்டு. பத்தே நாளு.”

அப்பா யோசித்தார். டெஸ்டில் கோளாறு என்று வந்து, ஆபரேஷன் என்று சொன்னால், வீட்டை விற்றாலும் போதாது. வீடு என்பது ஓடு போட்ட ஒன்றரை அறை. “பத்து நாள்தான” என்றார். அம்மா சட்டியை இறக்கிவைத்தாள். இறக்கிவைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

அடுத்தது திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது. முனிராஜ் வண்ணத் தாள் ஒன்றை விரித்தார். அதில் ஒரு கிழவரும் கிழவியும் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் பல் வரிசை முழுசாக இருந்தது.

“மூணு திட்டம் இருக்குதுங்க. குறிஞ்சின்னா இடுப்புக்கு மேல. முல்லைன்னா இடுப்புக்குக் கீழ. மருதம்னா முழு ஒடம்பும்.”

பள்ளியில் ஐந்து திணை படித்த நினைவு எனக்கு. கதவுக்குப் பின்னால் நின்றபடி, “நெய்தல், பாலை இல்லீங்களா?” என்றேன்.

“அது ரெண்டும் மெட்ராஸ்ல பரிசீலனைல இருக்குது பாப்பா.”

“அப்ப இடுப்பு எதுல வருதுங்க?” என்றாள் அம்மா.

“இடுப்பு தகராறுல இருக்குதுங்க. அத விட்டுருங்க.”

“நெஞ்சு மேலதான இருக்குது? குறிஞ்சி போதுமே” என்றார் அப்பா.

முனிராஜ் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பாய், குறிஞ்சி வேணும்னு கேட்டீங்கன்னா, மேல என்னமோ இருக்குதுன்னு புடிச்சுக்குவாங்க. மருதம் கேட்டீங்கன்னா, ஒடம்பு பூராவும் இருக்குதுன்னு புடிச்சுக்குவாங்க. எது தேவையோ அதக் கேக்கறவனத்தான் கம்பெனி மொதல்ல சந்தேகப்படும். நீங்க முல்லை கேளுங்க. முட்டி வலின்னு சொல்லுங்க. அவங்க உடனே, முல்லை கெடையாது, வேணும்னா குறிஞ்சி எடுத்துக்கோன்னுவாங்க.”

அன்று முதல் அப்பா சாயங்காலங்களில் நொண்டப் பழகினார். முதல் நாள் வலது காலை இழுத்தார், மறுநாள் இடது காலை இழுத்தார். நான் ஒரு முட்டியில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டேன், மறக்காமல் இருக்க. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “வலிக்காத காலுக்கு ஒரு நடிப்பு, வலிக்கற நெஞ்சுக்கு ஒரு நடிப்பு. என்னா கம்பெனியோ இது!”

பத்து நாள் என்றது ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. வயதுக்குச் சான்று கிடைக்கவில்லை. அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ரேஷன் கார்டில் என் அம்மாவைவிட அவர் எட்டு வயது சின்னவர். அதை ஏற்க மாட்டோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதில் மட்டும் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. கடைசியில் பள்ளிவாசல் முத்தவல்லி பழைய பதிவேட்டைப் புரட்டி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பள்ளிவாசல் நிர்வாகம் அவர் கையில்தான். கடிதம் ஒரே வரி: ‘நூர் பாஷா, பிறப்பு ரமலான் மாதம், 1341.’

அதை எடுத்துக்கொண்டு ஆடி மாதம் நானும் அப்பாவும் தர்மபுரி போனோம். விண்ணப்பம் எழுதியது நான் என்பதால், எழுதியவரும் வர வேண்டும் என்று விதி இருந்தது.

அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. முதியோருக்கான அலுவலகம் ஏன் இரண்டாம் மாடியில் என்று அப்பா கேட்டார். கீழே எங்களுக்காகக் காத்திருந்த முனிராஜ் காதோடு சொன்னார்: “இதுதாங்க மொத மெடிக்கல். நாப்பத்தெட்டுப் படி. மேல பியூன் சென்றாயன் உக்காந்திருப்பாரு. யாரு எத்தனை தடவை நின்னாங்கன்னு நோட்டுல குறிப்பாரு. நீங்க நிக்கக் கூடாது. ஆனா நொண்டணும்.”

நிற்காமல் நொண்டி ஏறினார் அப்பா. இருபதாவது படியில் அவர் மூச்சு எனக்குக் கேட்டது. நான் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். எனக்காக அவர் நின்றார். முப்பத்தைந்தாவது படியில் கையிலிருந்த காகிதங்களைக் கீழே போட்டேன். அதற்காகவும் நின்றார். மேலே போனதும் சென்றாயன் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது: ‘பெரியவர் நலம். பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது.’

உதவி அதிகாரி அர்ச்சுனன் மேசைக்குப் பின்னால் இருந்தார். மெலிந்த மனிதர். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பேனா வைத்திருந்தார். பச்சையில் மட்டும் மை வற்றியிருந்தது.

“எந்தத் திட்டம்?”

“முல்லைங்க. முட்டி கொஞ்சம்…”

“முட்டியா?” அர்ச்சுனன் சிவப்புப் பேனாவை எடுத்தார். “அப்ப முல்லை கெடையாது. முட்டி வலிக்கறதுனால முல்லை கேக்கறீங்க. எங்க கம்பெனி ஏமாந்த கம்பெனி இல்ல. குறிஞ்சிதான் தருவோம். இஷ்டம்னா எடுத்துக்கோங்க.”

அப்பா வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். கதவோரம் நின்ற முனிராஜ் கூரையைப் பார்த்தார். காரியம் முடிந்துவிட்டது, இன்று சாயங்காலமே பெங்களூர் போய்விடலாம் என்று நினைத்தேன்.

அர்ச்சுனன் முத்தவல்லியின் கடிதத்தைப் பிரித்தார். படித்தார். ஒரு தாளில் 1987 என்று எழுதினார். அதன் கீழே 1341 என்று எழுதினார். கழித்தார். விடையைத் திரும்பக் கூட்டிச் சரிபார்த்தார். பிறகுதான், முதலிலேயே நான் சொன்ன அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார்.

“எனக்கு அறுவத்தி நாலுங்க” என்றார் அப்பா.

“டாகுமெண்ட் பேசும்போது நீங்க பேசக் கூடாது” என்றார் அர்ச்சுனன். பின் நாற்காலியில் சாய்ந்தார். “இந்த சர்வீசுல வயசக் கொறைச்சுச் சொல்றவங்கள எத்தனையோ பேரப் பாத்துட்டேன். ரெண்டு வருஷம் கொறைப்பாங்க, மூணு வருஷம் கொறைப்பாங்க. ஐநூத்தி எம்பத்திரண்டு வருஷத்த மறைச்ச ஆள இப்பத்தான் பாக்கறேன்.”

எங்கிருந்தோ எனக்குத் தைரியம் வந்தது. “சார், அது ஹிஜ்ரி வருசங்க. எங்க ஜமாத்து கணக்கு. இங்கிலீசு வருசம் வேற, அது வேற.”

“வேற வேற கணக்கு இருக்கலாம். கழித்தல் எல்லாருக்கும் ஒன்னுதாம்மா.”

“அறுநூறு வருசம் ஒரு மனுசன் இருக்க முடியுமாங்க சார்?”

அவர் விதிப் புத்தகத்தை எடுத்து, பொறுமையாகப் புரட்டினார். “முடியாதுன்னு இதுல எங்கயும் இல்ல. அறுபத்தஞ்சுக்கு மேல சேக்கக் கூடாதுன்னு மட்டுந்தான் இருக்குது. அவங்க உயிரோட இருக்கறதுல எங்களுக்கு ஆட்சேபணை கெடையாது.”

பதிவேட்டில் வயது 646 என்று நீல மையில் ஏறியது. ஏறியதை மாற்ற வேண்டுமானால் மெட்ராசிலிருந்து உத்தரவு வர வேண்டும் என்றார். கீழே வந்ததும் முனிராஜ் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் பூட்டைத் திறந்தார். “ஒன்னும் பயப்படாதீங்க பாய். இன்னொரு லெட்டர் வாங்கிருங்க. பத்தே நாளு.”

முத்தவல்லி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டாவது கடிதம் எழுதினார். பிறைக் கணக்கில் வருடம் பத்துப் பதினோரு நாள் குறைவு என்றும், அதன்படி நூர் பாஷாவுக்கு அறுபத்தாறு வயது முடிந்தது என்றும், ஆங்கில வருடப்படி அறுபத்து நான்கு என்றும் விளக்கமாக எழுதினார். அறுபத்தாறை விட்டுவிடலாமே என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். “ரெண்டும் உண்மை தாயி. பள்ளிவாசல் சீலு போட்டுட்டுப் பாதி உண்மைய எப்படி எழுதறது?” என்றார். இந்தக் கதையில் நேர்மையாக நடந்துகொண்ட ஒரே மனிதர் அவர். அவரால்தான் எங்கள் வழக்கு மேலும் சிக்கலாயிற்று.

அர்ச்சுனன் இரண்டாவது கடிதத்தை முதல் கடிதத்தோடு சேர்த்து ஊசி குத்தினார். “ஒரே ஆளுக்கு மூணு வயசு. மூணுல ஒன்னே ஒன்னுதான் தகுதிக்குள்ள வருது. அந்த ஒன்னத்தான் நீங்க உண்மைன்னு சொல்றீங்க. இதுலயே உங்களுக்கு ஒன்னும் தெரியலியா?” என்று கேட்டு, எங்களைக் கிளை மேலாளரிடம் அனுப்பினார்.

மேலாளர் காளியப்பன் பருத்த, சாந்தமான மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். டீ சொன்னார். டீ கடைசிவரை வரவில்லை. அவர் பேசியதை வீட்டுக்கு வந்ததும் எழுதிவைத்தேன், ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை.

“பெரியவரே, இந்த நிறுவனம் நம்பிக்கை மேல கட்டப்பட்டது. அதனாலதான் நாங்க யாரையும் நம்பறதில்ல. வர்றவங்களையெல்லாம் நம்பிட்டோம்னா அப்பறம் நம்பிக்கைக்கு என்ன மரியாதை? எங்க லட்சியம், ஒரு முதியவர்கூட நோயில கஷ்டப்படக் கூடாது. அதுக்காக நோய் வரக்கூடியவங்கள நாங்க உள்ளயே விடறதில்ல. போன வருஷம் இந்தக் கிளையில எங்ககிட்ட பணம் கேட்டு வந்த நோயாளி எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தர்கூட இல்ல. தர்மபுரி மாவட்டத்துல முதியோர் அவ்வளவு ஆரோக்கியமா இருக்கறாங்க. அதுக்கு எங்களுக்கு மெட்ராஸ்ல கேடயம் குடுத்தாங்க.”

கேடயம் அவர் தலைக்கு மேல் மாட்டியிருந்தது. அதில் ஒரு குடை விரிந்திருந்தது.

“எனக்கு எப்ப பாலிசி கெடைக்குங்க?” என்றார் அப்பா.

“விசாரணை முடியட்டும்” என்றார் மேலாளர்.

விசாரணைக்கு அர்ச்சுனன் தொப்பூருக்கே வந்தார். முன்னாலேயே முனிராஜ் வந்து எச்சரித்துவிட்டார். அப்பா தைப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். அர்ச்சுனன் எதிரே உள்ள பாஞ்சாலியக்கா டீக்கடையில் நோட்டை விரித்தார்.

“இவர உங்களுக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?”

“நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து தெரியுங்க. இருவது வருசம் ஆவும்.”

“அப்ப பாக்கறதுக்கு எப்படி இருந்தாரு?”

“இப்படியேதான் இருந்தாரு. அதே தாடி, அதே லுங்கி. எங்களுக்கெல்லாம்தான் வயசாவுது, பாய் அப்படியே இருக்காரு” என்றாள் பாஞ்சாலியக்கா. அவள் உதவி செய்வதாகத்தான் நினைத்தாள். அர்ச்சுனன் எழுதினார்: ‘இருபது ஆண்டுகளில் முதுமை கூடியதாகத் தெரியவில்லை.’

“அதுக்கு முந்தி, உங்க மாமியாரோட மாமியார் காலத்துல, இவரப் பத்தி எதாச்சும் பேசிக்கிட்டது உண்டா?”

“பேசியிருப்பாங்க. பேசறதத் தவிர அந்தக் காலத்துல அவங்களுக்கு வேற என்னா வேல?”

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்: “இவரு எப்பவாச்சும் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்து பாத்திருக்கீங்களா?”

பெருநாள் முடிந்த வாரம் அப்பா சாய்ந்தபோது ஓடிவந்து சோடா உடைத்துக் கொடுத்தவள் பாஞ்சாலியக்காதான். நான் தார்ப்பாய்க்குப் பின்னால் நின்று அவள் வாயையே பார்த்தேன். அவள் கரண்டியால் பாலைத் தூக்கி ஆற்றிக்கொண்டே, “நெஞ்சா? அவுருக்கு முட்டிதாங்க தொந்தரவு” என்றாள்.

“எந்த முட்டி?”

பாஞ்சாலியக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கயிறு கட்டிய காலை மெல்ல நீட்டினார். “அந்த முட்டி” என்றாள்.

போகும்போது அர்ச்சுனன் என்னிடம் ஒரு படிவம் கொடுத்தார். பிறந்தது முதல் இன்றுவரை வந்த நோய்கள், ஆண்டுவாரியாக எழுத வேண்டும். இவருக்கு ஆண்டுகள் அதிகம் என்பதால் அதே படிவத்தில் இருபத்திரண்டு பிரதி. நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். 1341க்கு நேரே, “அப்பா, அப்ப ஒங்களுக்குக் காய்ச்சல் கீச்சல் எதாச்சும் வந்துச்சா?” என்று கேட்டேன். “நெனப்பில்லம்மா” என்றார். உண்மைதானே. எல்லா வரியிலும் ‘நினைவில்லை’ என்று எழுதினேன். முதலில் சிரித்துக்கொண்டே எழுதினேன். ஐந்தாவது தாளுக்கு மேல் சிரிப்பு வரவில்லை.

ஆவணி பிறந்தது. ஒரு மத்தியானம், வேலையில்லாத நேரம், வெறும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து ஊசி விழுந்தது. எடுக்கக் குனியவில்லை. தார்ப்பாய்ச் சுருளில் மெல்லச் சாய்ந்தார். உதடு நிறம் மாறியிருந்தது. நான் கத்த வாயைத் திறந்தேன். அவர் விரலை உதட்டில் வைத்தார். பாதையில் யாரோ ஒருவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். அவன் கம்பெனிக்காரனா என்று பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்த பிறகுதான் அப்பா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே அம்மா துணிப்பையில் இரண்டு சட்டையை மடித்து வைத்துவிட்டாள். “நாளைக்கு பெங்களூர் போறோம். உங்க கம்பெனியும் வேணாம், அவன் குறிஞ்சியும் வேணாம்.”

“இவ்வளவு நாளு காத்துட்டோம் ரஹமத். இப்பப் போயிட்டா, காத்துக் கெடந்ததெல்லாம் வீண்.”

“காத்துக் கெடந்ததுக்காக இன்னும் காத்துக் கெடப்பீங்களா?”

“போனா பேப்பர் குடுப்பான். அப்பறம் கம்பெனி என்னத் தொடவே தொடாது. ஆபரேசனுக்கு யாரு குடுப்பா? நான் போயிட்டா நீயும் குல்ஷனும் தெருவுல நிப்பீங்க.”

“நீங்க போயிட்டா மட்டும் நாங்க மாளிகையில நிப்பமா?”

அப்பா விளக்கை அணைத்தார். துணிப்பை ஆணியில் தொங்கியது. காலையில் முனிராஜ் மூச்சிரைக்க சைக்கிளில் வந்தார். மெட்ராசிலிருந்து உத்தரவு வந்துவிட்டது, பாலிசி உறுதி, மேலாளரே சொன்னார், வருகிற வெள்ளிக்கிழமை விழாவில் கையில் கொடுக்கப் போகிறார்கள் என்றார்.

“விழாவா?” என்றாள் அம்மா. “ஒரு காயிதம் குடுக்கறதுக்கு விழா என்னாத்துக்கு?”

“அது தெரியலீங்க அம்மா. ஆனா பாய்க்கு மாலை ஆர்டர் குடுத்திருக்காங்க.”

வெள்ளிக்கிழமை தர்மபுரியில் பஸ் நிலையத்தை ஒட்டிய கல்யாண மண்டபத்துக்குப் போனோம். வாசலில் துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள்: ‘எங்கள் காப்பின் நிழலில் 646 ஆண்டுகள்!’ நானும் அம்மாவும் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தோம். அப்பாவை மேடைக்கு அழைத்துப் போனார்கள். மாலை தடிமனாக இருந்தது. அதன் பாரத்தில் அவர் கழுத்து முன்னால் குனிந்திருந்தது. போட்டோ பிடிப்பவர் அவரை நிமிரச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேலாளர் காளியப்பன் மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே! சில பேர் கேட்டாங்க, ஒரு மனுஷன் அறுநூத்தி நாப்பத்தாறு வருஷம் வாழ முடியுமான்னு. நானும் கேட்டேன். மெட்ராஸ்ல என்னா சொன்னாங்க தெரியுமா? பதிவுல ஏறிடுச்சு, இனி அவரு வாழ்ந்துதான் ஆகணும்னு சொன்னாங்க. எங்க பதிவேட்டுல தப்பே வராது. தப்பு வந்தா அது தப்பா இருக்காது. அறுபத்தஞ்சுக்கு மேல சேக்கக் கூடாதுங்கற விதி எதுக்கு? வயசானவங்க சீக்கிரம் இறந்துடுவாங்கன்னு. இவரு அறுநூறு வருஷமா இறக்கல. இவரவிட நஷ்டமில்லாத வாடிக்கையாளர் எங்களுக்கு எங்க கெடைப்பாரு? அதனால விதிவிலக்கு! நாளைக்கு மாநிலம் முழுக்க இவரு படம் வரும். இவர மாதிரி நீங்களும் சேருங்க, இவர மாதிரியே இருங்க, பணம் கேட்டு மட்டும் வந்துடாதீங்க!”

கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் பக்கத்துக் கிழவரிடம், “எந்த ஊரு தண்ணி குடிச்சாராம்?” என்று கேட்டார்.

“நம்ம தொப்பூருதானாம்.”

“தொப்பூர்லயா? அங்க லாரி அடிச்சே செத்துப் போவாங்களே.”

நிபந்தனைகளைச் சபையில் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. அர்ச்சுனன் எழுந்து பாலிசியைப் பிரித்து, குரல் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். திட்டம் குறிஞ்சி. வயது 646. பிறகு சிறப்பு நிபந்தனை.

“நூறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து உழைத்த உறுப்புகள் தேய்மானம் அடைந்தவையாகக் கருதப்படும். அவற்றுக்கு இக்காப்பு பொருந்தாது. அதாவது இருதயம், நுரையீரல், மூளை, கண், காது, குடல், ஈரல், எலும்பு, தோல் மற்றும் ரத்தம்.”

“அப்ப எதுக்குத்தான் பொருந்தும்?” என்று என் பக்கத்திலிருந்து அம்மா உரக்கக் கேட்டுவிட்டாள். அவள் அப்படி ஒரு கூட்டத்தில் குரல் எழுப்பி நான் பார்த்ததில்லை.

அர்ச்சுனன் தாளைப் புரட்டினார். “நூறு ஆண்டுக்கு உட்பட்ட பாகங்களுக்கு முழுமையாகப் பொருந்தும். விண்ணப்பதாரருக்குக் கட்டுப்பல் இருந்தால் அது. மூக்குக் கண்ணாடி இருந்தால் அது.”

அப்பாவுக்குக் கட்டுப்பல் இல்லை. கண்ணாடி இருந்தது. ஒரு பக்கம் கீறல் விழுந்த கண்ணாடி. அவர் அதைக் கழற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். மேசையில் பாலிசியும், மூடி திறந்த பேனாவும் இருந்தன. கதவோரம் முனிராஜ் இரண்டு கையையும் சேர்த்து, போடுங்க பாய், கையெழுத்தப் போடுங்க என்று சைகை செய்துகொண்டிருந்தார்.

“மூத்தவர் இப்ப நமக்காக ரெண்டு வார்த்தை பேசுவாரு” என்று மேலாளர் மைக்கை அப்பாவின் வாய்க்கு நேராகத் திருப்பினார்.

மைக்கில் அப்பாவின் மூச்சு கேட்டது. மூச்சு மட்டும் கேட்டது. அவர் மாலையைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். பின்பு மைக் கம்பியின் மேலேயே போட்டார். வலது கையை நெஞ்சின்மேல் வைத்தார். மேலாளர் முன்னால், அர்ச்சுனன் முன்னால், போட்டோ பிடிப்பவர் முன்னால், பட்டப்பகலில், ஒளிக்காமல் வைத்தார்.

“சந்தோஷத்துல பெரியவருக்குப் பேச்சு வரலீங்க!” என்றார் மேலாளர். கூட்டம் மறுபடி கைதட்டியது.

அப்பா மேடைப் படியில் இறங்கினார். இரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றார். எந்தக் காலிலும் நொண்டாமல் நடுவழியே நடந்து வந்தார். அம்மா அதற்குள் எழுந்துவிட்டாள், நானும் எழுந்தேன். எங்களைத் தாண்டும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமாகத் தெரியவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது வைத்திருக்கிற முகம்.

மண்டப வாசலில் இறங்கினால் வலப்பக்கம் தொப்பூர் பஸ் நிற்கும். இடப்பக்கம் பெங்களூர் பஸ். அப்பா இடப்பக்கம் திரும்பி நடந்தார்.